முதலாளி நாற்காலி

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் அன்றைக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி என்று வைத்திருந்தார் வாத்தியார். அவருக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, கரும்பலகை கிடையாது, மணியடிக்க ஆள் கிடையாது. முதுகில் ஒரு பை. அதற்குள் நாலு புத்தகம், தண்ணீர் பாட்டில், வியர்த்து ஊற்றினால் மாற்றிக்கொள்ள ஒரு சட்டை. ஊரின் வடகோடியில் ஒரு வீடு, தென்கோடியில் ஒரு ஆபீஸ், ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பல் டாக்டர் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துவிட்டு வருவார். கேட்டவர்களிடம் ஃப்ரீலான்ஸ் என்பார். சொல்வதற்கு மிடுக்காகத்தான் இருந்தது. அவருடைய அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்கிய மனுஷன். போனில் விவரத்தையெல்லாம் கேட்டுக்கொண்டு, "அப்ப நீயும் அத்தக்கூலிதான்னு சொல்லு. கூப்பிட்டா வேலை, கூப்பிடலேன்னா வயித்துல ஈரத்துணி" என்றார். இதைவிடச் சரியாக அந்த வேலையைப் பற்றி யாரும் சொன்னதில்லை.

அந்நிய தேசத்துக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஊர்க்காரர்களுக்கெல்லாம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற மனுஷனுக்கு அந்த ஊர் பாஷை அரைகுறைதான்; அதையும் இங்கிலீஷையும் கலந்துதான் எல்லாரிடமும் பேச்சு. கடையில் சோப்பு வேண்டுமென்றால் கையைத் தேய்த்துக் காட்டுவார். லாண்டரியில் வேலை பார்க்கிற பெண்கள்தான் இரக்கப்பட்டு நாலு வார்த்தை கற்றுக்கொடுத்தார்கள். அதில் இரண்டு கெட்ட வார்த்தை என்பது, அதை ரயிலில் ஒரு பெரியவரிடம் மரியாதையாகச் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

மனைவியும் மகளும் சொந்த ஊரில் இருந்தார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டுவர வேண்டுமானால் குடியேற்ற ஆபீஸில் நிலையான வேலை ஒன்றைக் காட்டியாக வேண்டும். வீடு வீடாக ஏறி இறங்குவதெல்லாம் அவர்கள் கண்ணுக்கு வேலையாகவே தெரியாது. லாண்டரிக் கம்பெனி ஒன்றுதான் அவரை வருஷ ஒப்பந்தத்தில் வைத்திருந்தது. இந்த மாதம் அதைப் புதுப்பித்துக்கொடுத்தால் அடுத்த மாதம் இருவரும் விமானம் ஏறலாம். இல்லாவிட்டால் மகள் இன்னும் ஒரு வருஷம் அப்பாவைப் போனிலேயே பார்த்து வளர வேண்டியதுதான்.

லாண்டரி என்றால் தெருமுனை இஸ்திரிக் கடை இல்லை. ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் லாரி லாரியாக வந்து இறங்குகிற பெரிய கொட்டகை. ஒரு வாசலில் அழுக்கு இறங்கும், மறுவாசலில் வெள்ளை ஏறும், நடுவில் ஆவியும் இரைச்சலும். அங்கே இஸ்திரி உருளை மெஷின் ஒன்று உண்டு. ஒரு சுவர் நீளத்துக்குச் சூடான உருளைகள் சுற்றிக்கொண்டே இருக்கும். பக்கத்துக்கு ஒருத்தியாக நின்று ஈர விரிப்பை இழுத்துப் பிடித்து உள்ளே விட வேண்டும். விரிப்போடு விரலும் போய்விடாமல் இருக்க முன்னால் ஒரு தடுப்புக் கம்பி. அதில் கை பட்டால் மெஷின் நின்றுவிடும். கை மட்டுமில்லை, விரிப்பு சுருண்டு இடித்தாலும் நிற்கும். இப்படி நின்று நின்று வேலை தேங்குகிறதென்று சூப்பர்வைசர் ஒரு நாள் பழைய விரிப்பில் நாடா கிழித்து, கம்பியை மேலே தூக்கிக் கட்டிவிட்டான். எதற்கெடுத்தாலும் விசில் அடிப்பதால் அவனுக்கு விசில் என்றே பெயர். கட்டிவிட்டு ஒரு விசில் அடித்தான். மெஷின் அப்புறம் நிற்கவே இல்லை.

அந்த மெஷினில் நிற்பவள்தான் பெரியக்கா. ஆளும் பெரிசு, குரல் அதைவிடப் பெரிசு. மெஷின் இரைச்சலில் பேசிப் பேசி, வீட்டில் உப்புக் கேட்டாலும் சண்டை போடுகிற மாதிரி இருக்கும் என்பாள். இங்கிலீஷ் வகுப்புக்கு ஏன் வந்தாள் என்று முதல் நாள் கேட்டதற்கு, "என் மருமகன் என்னைப் பாத்து இங்கிலீஷ்ல ஏதோ திட்டுறான் சார். என்னன்னு புரியணும். புரிஞ்சா மட்டும் போதாது, திருப்பிக் குடுக்கணும்" என்றாள்.

வகுப்பு நடப்பது தொழிலாளர் சாப்பாட்டு அறையில். கம்பெனிக்கு வேண்டியதெல்லாம், வெளிநாட்டு ஓட்டல்காரர்கள் பார்வையிட வந்தால் நாலு பேர் சிரித்த முகமாக வரவேற்புச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வாத்தியார் அதையும் சொல்லிக்கொடுத்தார், ஆனால் தன் வழக்கத்தை விடவில்லை. வகுப்பு முடிகிற நேரத்தில் இரண்டு நாற்காலியை எதிரெதிரே போடுவார். ஒன்று முதலாளி நாற்காலி, மற்றது தொழிலாளி நாற்காலி. முதலாளியில் எப்போதும் அவரே உட்காருவார். எதிரே வருகிறவர் தன் குறையை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். அவர் இல்லாத மீசையை முறுக்கி, மேசையைத் தட்டி, "பொய்!" என்பார். "இதெல்லாம் எவன் உனக்குச் சொல்லிக்கொடுத்தான்?" என்பார். மிரளாமல், சொன்னதையே இன்னும் தெளிவாக, ஆதாரத்தோடு திருப்பிச் சொல்ல வேண்டும். மிரண்டவர் தோற்றார். சாப்பாட்டு அறை சிரித்து உருளும்.

மீசை என்று எல்லாரும் கூப்பிடுகிற மெக்கானிக், டீ ஆறிப்போனதைப் பற்றிப் புகார் சொல்லித் தோற்றான். அடுத்து பெரியக்கா உட்கார்ந்தாள்.

"கம்பியைத் தூக்கிக் கட்டியிருக்காங்க. போன மாசம் என் கை உள்ள போச்சு. கட்டை அவுத்துவிடுங்க" என்றாள், இங்கிலீஷில்.

"பொய்!"

"பொய் இல்ல. எந்திரிச்சு வந்து பாருங்க."

வாத்தியார் துள்ளி எழுந்து கைதட்டினார். "அக்கா! இதை நீங்க உலகத்துல எவன் முன்னாடி வேணாலும் போய்ச் சொல்லலாம்."

பெரியக்கா முகம் விளக்கேற்றின மாதிரி ஆகிவிட்டது. கம்பி நிஜமாகவே கட்டிக் கிடக்கிறது என்று வாத்தியாருக்கும் தெரியாமலில்லை. மூட்டை தூக்கினவன் வீட்டில் பிறந்தவருக்கு அது என்ன சமாச்சாரம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அது அவர்கள் பாடு, நாம் வந்தது பாஷை சொல்லிக்கொடுக்க என்று பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார்.

ஓட்டல்காரர்கள் வந்த அன்று அவர் அங்கே இல்லை. மீசைதான் போனில் சொன்னான்.

"சார், உங்க சிஷ்யை பெரியக்கா கலக்கிட்டா!"

"வரவேற்பு சொன்னாங்களா?"

"சொன்னா, சொன்னா. நல்லாத்தான் சொன்னா. அதோட விட்டாளா? கயித்துல கண்ணாடி தொங்கவிட்ட ஒரு அம்மா, 'இங்க எல்லாம் சௌகரியமா இருக்கா?'ன்னு சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டாங்க. நம்ம ஆளு நிமிந்து நின்னு, கம்பி கட்டியிருக்கு, கை உள்ள போச்சு, அவுத்துவிடுங்கன்னு ஒரு பிசிறு இல்லாமச் சொல்லிட்டா. அந்தம்மா கண்ணாடியை மாட்டிக்கிட்டு மேல பாக்குறாங்க. நாடா தொங்குது. விசில் முகத்தைப் பாக்கணுமே நீங்க! வாயைக் குவிக்கிறான், காத்து வரல."

வாத்தியாருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஒப்பந்தத்தின் ஞாபகமும் வந்தது.

மறுநாளே மேனேஜர் ஆள் விட்டுக் கூப்பிட்டார். மேனேஜர் கத்துகிற ரகம் இல்லை. எதிரே உட்காரவைத்து, மின்விசிறியை அவர் பக்கமாகத் திருப்பிவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

"வாத்தியார் சார், கம்பி இப்ப ஒழுங்கா இருக்கு. அன்னைக்கே அவுத்தாச்சு. அதைப் பத்திப் பேச்சே இல்ல. ஆனா அந்த ஓட்டல்காரங்க வியாழக்கிழமை திரும்ப வர்றாங்க. இது ரொம்ப நாளா நடக்குதான்னு விசாரிக்கப்போறாங்களாம். அவங்க கையை விட்டுப் போனா பாதிக் கொட்டகைக்கு வேலை இல்ல. எத்தனை வீட்டுல அடுப்பு அணையும்னு யோசிச்சுப் பாருங்க."

"நான் என்ன பண்ணணும் சார்?"

"பெரிசா ஒண்ணும் இல்ல. அது உங்க வகுப்புல நடந்த நாடகம்தானே? மெக்கானிக் கூடச் சொன்னான். அந்தப் பெரியக்கா அர்த்தம் புரியாம மனப்பாடமா ஒப்பிச்சிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. பொய் சொல்லச் சொல்லல. பாடம்தானே அது?" சற்று நிறுத்தி, "அடுத்த மாசம் குடும்பம் வருதுன்னீங்களே. ஒப்பந்தம் ரெடியா இருக்கு. வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கங்க" என்றார்.

வெளியே வரும்போது அழுக்குப் பிரிக்கிற பக்கம் பெரியக்காவைப் பார்த்தார். ஓட்டல் துண்டுகளை மூக்கைச் சுளித்துக்கொண்டு பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். இஸ்திரி மெஷினிலிருந்து அவளைத் தூக்கியிருந்தார்கள். அவள் பார்ப்பதற்குள் வாத்தியார் லாரிக்கு அந்தப் பக்கமாகச் சுற்றிப் போய்விட்டார்.

அங்கிருந்து பஸ் மாறி, ரயில் பாலத்துப் படியேறி, பல் டாக்டரிடம் போனார். டாக்டரம்மாவுக்கு உட்கார்ந்து படிக்க நேரம் கிடையாது. நோயாளி வாயைப் பிளந்துகொண்டு படுத்திருப்பான், அவள் கை வேலை செய்யும், வாய் இங்கிலீஷ் பேசும், வாத்தியார் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து திருத்துவார். படுத்திருக்கிறவன் பாவம், இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன்.

"வலிக்கவே வலிக்காது. இது சரியா வாத்தியாரே?"

"சரிதான் டாக்டர். ஆனா வலிக்குமே?"

"நல்லாவே வலிக்கும். அதைச் சொன்னா எவன் வாயைத் திறப்பான்? முதல்ல வாயைத் திறக்கவைக்கணும். அப்புறம் நம்ம கையில." கீழே இருந்தவன் கண்ணை உருட்டினான். "நீங்க பயப்படாதீங்கண்ணே, இது பாடம்" என்றாள் அவனிடம்.

வாத்தியார் சிரிக்கவில்லை. இது பாடம். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். சொன்னதும் அந்த ஆளும் அடங்கிப் படுத்துவிட்டானே.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் பெரியக்கா காத்துக்கொண்டிருந்தாள். இந்த முறை சுற்றிப் போக லாரி இல்லை. வகுப்பில் அவரை சார் என்பாள், வெளியே வந்தால் தம்பி.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மறைக்காமச் சொல்லணும்."

"கேளுங்கக்கா."

"நான் நல்லாப் பேசினேனா? அந்தக் கண்ணாடிக்காரம்மாவுக்குப் புரிஞ்சிருக்குமா? நடுவுல ஒரு இடத்துல நாக்கு கொஞ்சம் தடுக்கின மாதிரி இருந்துச்சு."

"நல்லாப் பேசினீங்கன்னுதான் மீசை சொன்னான்."

"அது போதும்." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "அழுக்குல போட்டுட்டானுங்க. போடட்டும், அழுக்கு என்ன நமக்குப் புதுசா? வியாழக்கிழமை அவங்க கேக்கும்போது நீங்களும் அங்க இருப்பீங்களாமே. நான் சொன்னது நெசம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா, என்னை அசைக்க முடியாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். இல்லேன்னா பைத்தியக்காரின்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பிருவானுங்க. மருமகன் சோத்துல கை வெக்கிறதுக்கு நான் அந்த உருளைக்குள்ளயே கையை வெச்சிருவேன்."

பஸ் வந்தது. இருவரும் ஒரே பஸ்தான். ஆனால் அவர், "நான் அடுத்ததுல வர்றேங்கா" என்று நின்றுவிட்டார்.

அறைக்குப் போனதும் மனைவி கூப்பிட்டாள். கட்டில், ஒற்றை அடுப்பு, ஜன்னலில் காய்கிற சட்டை. போனை எங்கே திருப்பினாலும் இந்த மூன்றுதான் தெரியும்.

"என்னங்க, ஒரு மாதிரி இருக்கீங்க?"

"நடந்த அலுப்பு."

"மூணு வருஷமா இதையே சொல்லுங்க. வந்து பாக்கத்தானே போறேன், எங்க நடக்குறீங்க, யார்கூட நடக்குறீங்கன்னு." அவளே சிரித்தாள். "பாப்பாவுக்குக் குளிர் கோட்டு இங்கயே வாங்கவா, அங்க வந்து வாங்கிக்கலாமா? இவ ஊரெல்லாம் சொல்லிட்டா. டீச்சர்கிட்ட, அடுத்த மாசம் பரிச்சை எழுத மாட்டேன், எங்கப்பா ஊருக்குப் போறேன்னு எழுந்திரிச்சு நின்னு சொல்லியிருக்கு, உங்க பொண்ணு."

"வெள்ளிக்கிழமை சொல்றேன்" என்றார்.

வியாழக்கிழமை இரண்டு பஸ்ஸிலும் ஒரே வாக்கியத்தை உருப்போட்டுக்கொண்டே வந்தார். அது ஒரு பயிற்சி. அது ஒரு பயிற்சி. எங்கே தட்டிப் பார்த்தாலும் அதில் பொய் இல்லை.

மேனேஜர் அறையில் கண்ணாடி அம்மா சோபாவில் உட்கார்ந்திருந்தாள். விசில் சுவரோரம் நின்றான். "வாத்தியார் சார், வாங்க, இங்க என் பக்கத்துல" என்று மேனேஜர் தன் மேசைக்குப் பின்னாலேயே ஒரு நாற்காலி போட்டிருந்தார். எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பெரியக்காவை அழைத்துவந்து அதில் உட்காரவைத்தார்கள். உட்கார்ந்தவள் மேசையைப் பார்த்தாள், வாத்தியாரைப் பார்த்தாள், முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

கண்ணாடி அம்மா இங்கிலீஷில் கேட்டாள்: "அன்னைக்கு இவங்க சொன்னது உங்க வகுப்புல நடந்த பாடமா?"

"ஆமா. அது ஒரு பயிற்சி. குறையை எப்படிச் சொல்றதுன்னு."

"அப்போ அர்த்தம் தெரியாம ஒப்பிச்சிருக்கலாம்?"

மேனேஜரின் பேனா மேசைமேல் அசையாமல் கிடந்தது. வாத்தியார் தண்ணீரை எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

"இருக்கலாம்" என்றார்.

அறையில் எல்லாரும் மூச்சு விட்டார்கள். பெரியக்கா மட்டும் விடவில்லை. அவள் முகத்தில் ஒரு கணம் ரத்தமே இல்லை. பிறகு கண்ணைச் சுருக்கி அவரையே பார்த்தாள். சாப்பாட்டு அறையில் அவர் மேசையைத் தட்டும்போது பார்ப்பாளே, அதே பார்வை. நாற்காலியைக் கிரீச்சென்று முன்னால் இழுத்துப் போட்டாள்.

"பொய் இல்ல" என்றாள் இங்கிலீஷில். "வந்து பாருங்க."

சட்டைக் கையைச் சுருட்டி மேசைமேல் வைத்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தோல் வெந்து ஆறிய தடம், இளஞ்சிவப்பாக, நாடா மாதிரி. வாத்தியார் அதை அதுவரை பார்த்ததில்லை. வகுப்பில் யாருடைய கையையும் அவர் பார்த்ததில்லை, வாயைத்தான் பார்ப்பார்.

"இது என் கை" என்றாள். "இது பாடத்துல இல்ல. கம்பி கட்டுனது மழைக்கு முந்தி. கை போனது மழைக்கு அப்புறம். பக்கத்துல நின்ன பொண்ணு ஓடிப்போய் மெஷினை நிறுத்துச்சு. நிறுத்தலேன்னா உங்களுக்குக் கும்பிடு போட எனக்கு இன்னொரு கை இல்ல." தப்பும் தவறுமாகத்தான் வந்தது. புரியவில்லை என்று சொல்ல அந்த அறையில் ஆள் இல்லை.

மேனேஜர் தன்னை மறந்து மேசையைத் தட்டிவிட்டார். "இதெல்லாம் எவன் உனக்குச் சொல்லிக்கொடுத்தான்?"

பெரியக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு வாத்தியாரைப் பார்த்தாள். கண்ணாடி அம்மாவும் அவர் பக்கம் திரும்பினாள்.

"இதையும் நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்களா?"

பஸ்ஸில் உருப்போட்டதில் இதற்குப் பதில் இல்லை. மகள் வகுப்பில் எழுந்து நிற்கிற காட்சி கண்முன் வந்து நின்றது. மேசைமேல் அந்தக் கை அப்படியே கிடந்தது.

"இல்ல" என்றார். "இது நான் சொல்லிக்கொடுக்கல. கம்பி கட்டியிருந்தது உண்மை. முதல்ல சொன்னதும் அவங்க சொந்த வார்த்தைதான், நான் உச்சரிப்பு மட்டும் திருத்தினேன். அர்த்தம் அவங்களுக்கு நல்லாத் தெரியும்."

மேனேஜர் அப்போதும் கத்தவில்லை. பேனாவை எடுத்து மூடி போட்டார். "விசில், வாத்தியாருக்கு ஒரு டீ சொல்லு. குடிச்சிட்டுப் போகட்டும்" என்றார். போகட்டும் என்ற அந்த ஒரு வார்த்தையிலேயே வெள்ளிக்கிழமை முடிந்துபோனது. டீ வந்தது. ஆறிப்போயிருந்தது. மீசை சொன்னது சரிதான்.

பஸ் ஸ்டாப்புக்குப் பெரியக்கா மூச்சிரைக்க ஓடிவந்தாள். திரும்ப மெஷினுக்கே போகச் சொல்லிவிட்டார்களாம், கண்ணாடி அம்மா முன்னாலேயே. அவர்கள் கிளம்பிப் போன பிறகு என்ன நடக்குமோ, அது வேறு விஷயம்.

"ஆனாலும் தம்பி, நீங்க லேசுப்பட்ட ஆள் இல்ல. 'இருக்கலாம்'னு சொன்னீங்க பாருங்க, எனக்கு ஈரக்குலை நடுங்கிப்போச்சு. கவுத்துட்டான்டா மனுஷன்னு நெனச்சேன். அப்புறம்தான் பொறி தட்டுச்சு, நீங்க முதலாளி நாற்காலியில உக்காந்திருக்கீங்கன்னு! என்னைச் சீண்டிவிடத்தானே அப்படிச் சொன்னீங்க? நிஜ முதலாளி தோத்தான் போங்க, என்னா நடிப்பு!"

வாத்தியார் வாயைத் திறந்தார். பெரியக்கா சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் அந்த விளக்கு மறுபடி எரிந்தது.

"அடுத்த வகுப்பு எப்போ சார்?" என்றாள்.

"சொல்லி அனுப்புவாங்கக்கா."

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஜன்னலோரமே கிடைத்தது. போன் அடித்தது.

"என்னங்க, நாளைக்குத்தானே சொல்றேன்னீங்க, எனக்கு இருப்புக் கொள்ளல."

"ஏம்மா, ஒண்ணு சொல்றேன். குறுக்க பேசாமக் கேளு."

"நீங்க இப்படி ஆரம்பிச்சாலே..." என்றவள் அதோடு நிறுத்திக்கொண்டாள்.

நாடா கிழித்ததிலிருந்து ஆரம்பித்தார். விசில், மீசை, கண்ணாடி அம்மா, மேசைமேல் வைத்த கை, மேனேஜர் மூடி போட்ட பேனா, எல்லாம் வந்தது. 'இருக்கலாம்' வரவேண்டிய இடத்தில் ஒரு நிறுத்தம் வந்தது, யாரோ இடித்துக்கொண்டு இறங்கினார்கள். பஸ் கிளம்பியபோது அவர் அந்த இடத்தைத் தாண்டிப் போயிருந்தார்.



"சரி" என்றாள் மனைவி கடைசியில். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நல்லதுதானே செஞ்சீங்க. நான் என்ன சொல்ல முடியும்? உங்களைக் கையெடுத்துக் கும்பிடணும், இல்ல தலையில அடிச்சுக்கணும். எது முதல்லன்னுதான் தெரியல. பாப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிக்கங்க."

போன் கைமாறியது.

"அப்பா" என்றது குரல், "கோட்டு நீலக் கலரா, சிவப்பா?"